மலாயாவின் கடிகாரமும் மணப்பொருத்தமும்

திருமணத்தை ஆயிரங்காலத்துப் பயிர் என்பர் பெரியோர். பயிரிட நாள் பார்ப்பது போலவே மணம் முடிக்கவும் நாள் பார்ப்பது தமிழரிடையே மிகத் தொன்மையான வழக்கமாகும். அகநானூற்றின் 86 ஆம் பாடலும் 136 ஆம் பாடலும் பழந்தமிழர் மணவீட்டைக் காட்டுகின்றன. பந்தலும் உண்டு, பரப்பிய மணலும் உண்டு, உளுந்திட்டுச் சமைத்த உணவும் உண்டு, மங்கல மகளிர் மணமகளை நீராட்டும் சடங்கும் உண்டு. திங்கள் உரோகிணியோடு கூடிய நன்னாளில் அம்மணங்கள் நடைபெற்றதாக உரையாசிரியர்கள் விளக்குவர். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கைப்பிடித்ததும் அதே உரோகிணி நாளில்தான்.

எனினும் இவ்விடங்களில் எதிலும் மணமகன், மணமகள் ஆகியோரின் பிறந்த நட்சத்திரங்களை ஒப்பிட்டுப் பார்த்ததாகச் செய்தி இல்லை. மணம் நடக்கும் நாளுக்கே சிறப்பு. பிறந்த நாளுக்கு அன்று. தலைவன் தலைவியிடையே இருக்க வேண்டிய ஒப்புமைகளைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பத்தாக வகுத்துள்ளார். பிறப்பு, குடியொழுக்கம், ஊக்கம், வயது, உருவம், அன்பு, நிறை, அருள், அறிவு, செல்வம் என அவை அமையும். இன்று பார்க்கப்படும் பொருத்தங்களும் பத்துதான். எண்ணிக்கை ஒன்றாயினும் பட்டியல் முற்றிலும் வேறு.

தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, இராசி, இராசி அதிபதி, வசியம், இரச்சு, வேதை என்னும் பத்துப் பொருத்தங்களும் பெண்ணின் நட்சத்திரத்தையும் ஆணின் நட்சத்திரத்தையும், அவற்றுக்குரிய இராசிகளையும் கொண்டே கணிக்கப்படுகின்றன. பெண் நட்சத்திரம் தொடங்கி ஆண் நட்சத்திரம் வரை எண்ணி, வந்த தொகையை ஒன்பதால் வகுத்து, மீதி 2, 4, 6, 8, 0 ஆனால் தினப் பொருத்தம் உண்டு என்பது போன்ற எளிய வாய்பாடுகளே இவை. 27 நட்சத்திரங்களையும் பாதம், தொடை, உந்தி, கழுத்து, தலை என ஐந்து வகையாகப் பிரித்து, இருவரும் ஒரே வகையில் அமைந்தால் இரச்சு இல்லை என்பர். தாலி பாக்கியத்தைக் குறிப்பதாகக் கருதப்படுவதால், மற்றவை பொருந்தினும் இரச்சு இல்லாவிடில் பலர் அச்சம்பந்தத்தையே விட்டுவிடுவர். வட இந்தியாவில் எட்டுப் பொருத்தங்களுக்கு 36 மதிப்பெண் இட்டுப் பார்க்கும் முறை வழங்குகிறது. ஒரே சாத்திரத்திலிருந்து இரு வேறு கணக்குகள் கிளைத்திருப்பதே, பொருத்தம் பார்த்தல் வட்டார வழக்கால் வளர்ந்த ஒன்று என்பதற்குச் சான்று.

நட்சத்திரப் பொருத்தத்தோடு வேலை முடிவதில்லை. அடுத்து ஜாதகக் கட்டத்தைப் பார்ப்பர். இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆம் இடங்களில் செவ்வாய் நின்றால் செவ்வாய் தோஷம் என்பர். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணிப் பார்ப்பாரும் உண்டு. இவ்விரு நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்திற் கொள்வது நன்று. நட்சத்திரம் சந்திரனைச் சார்ந்தது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. இலக்கினமோ பூமியின் சுழற்சியைச் சார்ந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அது மாறிவிடுகிறது. பிறந்த நாளை மட்டும் அறிந்தவர் பெரும்பாலும் நட்சத்திரத்தை அறிந்துவிடலாம். இலக்கினத்தை அறிய, பிறந்த நேரம் பிசகின்றித் தெரிய வேண்டும்.

நாழிகையும் மணியும்

கடிகாரம் வருமுன் தமிழ்நாட்டில் பிறந்த நேரம் நாழிகையால் குறிக்கப்பட்டது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. பழைய ஓலை ஜாதகங்களில் உதயாதி நாழிகை இவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கும். அதாவது, அன்றைய சூரிய உதயத்திலிருந்து எண்ணிய நாழிகை. சூரியன் எந்த ஊரில் உதித்ததோ அந்த ஊர்க் கணக்கு அது. அரசாங்கம் எந்த நேரத்தைச் சட்டமாக்கினாலும் நாழிகைக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, இந்தியாவிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தது. உதயத்தை வைத்து நாழிகை எழுதியவர்களின் ஜாதகம் அதனால் கெடவில்லை.

மருத்துவமனைச் சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்துப் பிறந்த நேரத்தைக் குறிக்கத் தொடங்கிய பின்னரே சிக்கல் எழுந்தது. அச்சிக்கலை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்த தமிழரைப் போல் அனுபவித்தவர் வேறெங்கும் அதிகம் இரார்.

கடல் கடந்த வழக்கம்

மலாயாவுக்கு வந்த தமிழர் அனைவரும் ஜாதகத்தோடு வந்தவர் அல்லர். வட்டித் தொழில் செய்த நகரத்தார் தம் குடும்பத்தைப் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே விட்டு வந்தனர். ஆகவே பிள்ளைகளின் ஜாதகமும் அங்கேயே எழுதப்பட்டது. இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிந்த யாழ்ப்பாணத் தமிழர் குறிப்பு என்று தாம் வழங்கும் ஜாதகத்தைப் போற்றிக் காத்தனர். இங்கே பிறந்த பிள்ளைக்கும் விவரம் எழுதி யாழ்ப்பாணத்திற்கு அனுப்பிக் குறிப்பு எழுதி வாங்கிய குடும்பங்கள் உண்டு.

தோட்டப்புறத்தின் நிலை வேறு. ஒப்பந்தக் கூலி முறை 1910 இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938 இல் இந்திய அரசின் தடையால் நின்றது. அதற்கிடைப்பட்ட காலத்தில் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1931 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போதுகூட மலாயா இந்தியரிடையே ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள் இல்லை. பெண் கிடைப்பதே அரிதாயிருந்த இடத்தில் பத்துப் பொருத்தமும் பார்க்க யாருக்கு மனம் வரும்? ஊர், சாதி, கங்காணியின் சொல், பெரியவர்களின் சம்மதம் ஆகியவையே அங்குப் பொருத்தமாயின. இலயத்து வீட்டில் மருத்துவச்சியின் கையில் பிறந்த குழந்தைக்குப் பெரட்டு மணிக்கு முன், பால் நிறுக்கும் நேரம், விளக்கு வைத்த பின் என்று சொல்லப்பட்ட நேரமே ஆவணம். அத்தகைய குறிப்பைக் கொண்டு இலக்கினம் கணிக்க இயலாது. சொல்லப் போனால், அது ஒரு வகையில் நல்லதாகவே அமைந்தது. தவறான நேரத்தை வைத்துக் கணித்த ஜாதகத்தைவிட ஜாதகமே இல்லாதிருப்பது பல பெண்களுக்கு மேலாயிருந்தது என்பதைப் பின்வரும் செய்திகள் காட்டும்.

ஐந்து முறை மாறிய கடிகாரம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர்க் கடிகாரம் அந்நகரத்துச் சூரியனையே பின்பற்றியது. கிரீன்விச் நேரத்தினும் அது 6 மணி 55 நிமிடம் முந்தியிருந்தது. 1905 ஜூன் முதல் நாள் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் ஐக்கிய மலாய் மாநிலங்களுக்கும் பொதுவாக 7 மணி என்ற நேரம் வகுக்கப்பட்டது. அதன்பின் ஐந்து முறை கடிகாரம் மாறியது.

மாலையில் வெளிச்சம் நீடித்தால் அலுவலகம் முடிந்து விளையாடவும் உலாவவும் வசதி என்ற எண்ணத்தில், 1933 சனவரி முதல் நாள் 20 நிமிடம் கூட்டப்பட்டு 7 மணி 20 நிமிடம் ஆனது. 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம் கூட்டி ஏழரை மணியாக்கினர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைப் புகுத்தினர். ஒரே நாளில் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னே பாய்ந்து 9 மணி ஆயிற்று. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் மீண்டும் ஏழரை. பின்னர் தீபகற்ப மலேசியாவின் நேரத்தைச் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்கும் பொருட்டு, 1981 டிசம்பர் 31 ஆம் நாள் இரவு 11.30 மணியை நள்ளிரவு 12 மணியாகக் கொண்டு, 1982 சனவரி முதல் நாளிலிருந்து 8 மணி நேரம் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரும் அன்றே அவ்வாறு மாற்றிக்கொண்டது.

இம்மாற்றங்கள் ஒவ்வொன்றும் வணிகத்திற்கோ ஆட்சிக்கோ உரியவை. சூரியனுக்கு அவை தெரியா. கோலாலம்பூரின் இயற்கை நேரம் அன்றும் இன்றும் கிரீன்விச்சைவிட ஏறக்குறைய 6 மணி 47 நிமிடமே முந்தியது.

தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த பஞ்சாங்கமே இங்கு ஜாதகம் கணிக்கப் பயன்பட்டது. ஒரு நட்சத்திரம் முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. ஆகவே அதை அறிய உள்ளூர் நேரத்தை இந்திய நேரமாக மாற்றினால் போதும். இந்தியாவின் நேரம் ஐந்தரை மணி எனக் கொண்டால், 1905 ஜூன் முதல் 1932 முடியப் பிறந்தவருக்கு ஒன்றரை மணி கழிக்க வேண்டும். 1933 முதல் 1941 ஆகஸ்டு வரை 1 மணி 50 நிமிடம். பின் ஜப்பானியர் வரும் வரை 2 மணி. ஜப்பானியர் ஆட்சியில் மூன்றரை மணி. போர் முடிந்ததிலிருந்து 1981 முடிய மீண்டும் 2 மணி. 1982 முதல் இரண்டரை மணி. இலக்கினத்திற்கு இவ்வளவு போதாது. பிறந்த ஊரின் உதயமும், அந்த ஊருக்குரிய இராசி மானமும் வேண்டும். சென்னைக்குக் கணித்த இராசி மானம் நிலநடுக்கோட்டை ஒட்டியுள்ள சிங்கப்பூருக்குச் சில நிமிடம் பிசகும்.

ஜப்பான்காரன் காலத்துப் பிள்ளைகள்

முதியோர் ஜப்பான்காரன் காலம் என்று சொல்லும் மூன்றரை ஆண்டுகளில் பிறந்தவர்களின் ஜாதகமே எல்லாவற்றிலும் சிக்கலானது. அக்காலத்து ஆவணங்களில் ஆண்டும் ஜப்பானிய முறையில் எழுதப்பட்டது. 1943 என்பது 2603. ஆண்டு மாறியிருப்பது கண்ணுக்குத் தெரியும், திருத்திக்கொள்ளலாம். மணி மாறியிருப்பது தெரியாது.

1943 புரட்டாசிக் கடைசியில் காலை 7 மணிக்குப் பிறந்ததாகக் குறிக்கப்பட்ட ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். அந்த 7 மணி தோக்கியோ நேரமாயின், போருக்கு முன்னும் பின்னும் வழங்கிய நேரப்படி அது ஐந்தரை மணி. ஜப்பானியர் காலத்தில் கோலாலம்பூரில் சூரியன் உதிக்கும்போது கடிகாரத்தில் 8 மணி ஆகியிருக்கும். ஆகவே அக்குழந்தை விடியுமுன் பிறந்தது. நம் முறைப்படி நாள் என்பது உதயத்திலிருந்து உதயம் வரை என்பதால், கிழமையும் முந்திய கிழமையே.

அப்பெண்ணுக்கு 1960களில் வரன் பார்க்கும்போது ஜாதகம் கணித்தவர், அது தோக்கியோ நேரமா என்று கேளாமல் அன்று வழக்கிலிருந்த ஏழரைக் கணக்கிலேயே கணித்தால் என்ன ஆகும்? உண்மையில் கன்னி இலக்கினத்தில் பிறந்தவள் துலா இலக்கினக்காரி ஆகிவிடுவாள். அன்று செவ்வாய் ரிஷபத்தில் நின்றதாகக் கொண்டால், கன்னிக்கு ரிஷபம் ஒன்பதாம் இடம், தோஷம் இல்லை. துலாத்திற்கோ அது எட்டாம் இடம்; மாங்கல்ய தானம் என்று பெண் வீட்டார் நடுங்கும் இடம். குற்றமற்ற ஒரு பெண், பிறந்த அறையின் கடிகாரத்தால் செவ்வாய் தோஷக்காரி ஆகிறாள். இனி அவளுக்குச் செவ்வாய் தோஷமுள்ள மணமகனையே தேடுவர். வருவோர் எல்லாம் கட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவர். பரிகாரம் என்று சொன்ன இடமெல்லாம் பெற்றோர் அலைவர். வயது ஏற ஏற, தோஷம் உண்மைதான் போலும் என்று அவளே நம்பத் தொடங்குவாள்.

இது அரிதாக நேரக்கூடிய பிசகும் அன்று. ஓர் இலக்கினத்தின் அளவு சராசரியாக 2 மணி நேரம். பிசகோ ஒன்றரை மணி நேரம். எனவே அவ்வாறு கணிக்கப்பட்ட ஜாதகங்களில் நான்கில் மூன்றுக்கு இலக்கினம் தவறாகவே அமையும். நட்சத்திரம் அத்துணை எளிதில் மாறாது. ஒரு நட்சத்திரத்தின் அளவு ஏறக்குறைய 24 மணி நேரமாகையால் பதினாறில் ஒன்றுக்கே அது மாறும். நட்சத்திரப் பொருத்தத்தோடு நிறுத்திக்கொண்ட ஏழைக் குடும்பங்கள் பெரும்பாலும் பிழையின்றித் தப்பின. கட்டம் போட்டு ஆழமாகப் பார்த்த குடும்பங்களே அதிகம் ஏமாந்திருக்கும்.

அந்தப் பதினாறில் ஒன்றும் சிறிதன்று. மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயிலியம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது என்ற பேச்சு மலாயாத் தமிழரிடையேயும் வேரூன்றியிருந்தது. சோதிடம் கற்றவர்கள் இத்தோஷங்களைக் குறிப்பிட்ட பாதங்களுக்கு மட்டுமே உரியவை என்பர். ஒரு பாதம் ஏறக்குறைய 6 மணி நேரம். ஊராருக்கோ பாதம் எல்லாம் பொருட்டன்று, பெயரே போதும். பெண் மூலம் நிர்மூலம் என்ற பழமொழி எத்தனை வீட்டு வாசலை அடைத்ததோ, அந்த அம்மனுக்கே வெளிச்சம்.

பூக்கட்டிப் பார்த்தல்

ஜாதகம் இல்லாதாருக்கும் ஜாதகத்தில் ஐயம் உள்ளாருக்கும் மரபு வழி விட்டிருக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரப் பாதத்திற்கும் ஓர் எழுத்து உண்டு. அசுவினிக்குச் சு, சே, சோ, லா என்பவை. பெயரின் முதலெழுத்தைக் கொண்டு நாம நட்சத்திரம் கண்டு பொருத்தம் பார்ப்பர். மலாயாவில் பெயர் பதிந்த கிராணியின் காதுக்கு எட்டியபடி எழுத்து மாறிய கதைகள் உண்டாதலால் இதுவும் முழு அரண் அன்று.

தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் நிலைத்தது பூக்கட்டிப் பார்த்தலே. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்துக் கட்டி, சந்நிதியில் வைத்து வழிபட்டு, விவரம் அறியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வர். நினைத்த பூ வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள். அதன்பின் எவரும் மறுபேச்சுப் பேசார். சாத்திரம் கற்றோர் சிலர் இதனை எளியோர் வழக்கம் என்று ஒதுக்குவதுண்டு. நேரம் தெரியாத ஜாதகத்தை மனம்போல் கணித்துப் பெண்ணுக்குப் பழி சுமத்துவதைவிட, தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்டு தெய்வத்தின் முன் நிற்பது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

1982 க்குப் பின்

1982 ஆம் ஆண்டு மலேசிய இந்துக்களின் திருமணத்தில் இரட்டைத் திருப்பம். சனவரி முதல் நாள் கடிகாரம் மாறியது. மார்ச்சு முதல் நாள் 1976 ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை வழக்காற்றின்படி தாலி கட்டினாலே போதும் என்றிருந்த இந்துத் திருமணத்திற்கு அதன்பின் பதிவு கட்டாயமாயிற்று. ஆலயங்களைச் சேர்ந்தோரைத் துணைப் பதிவதிகாரிகளாக நியமிக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. சிங்கப்பூரில் 1961 ஆம் ஆண்டு மாதர் சாசனமே இதனைச் செய்துவிட்டது. இச்சட்டங்கள் மணமக்களின் வயதையும் சம்மதத்தையும் கேட்கின்றன, நட்சத்திரத்தைக் கேட்பதில்லை.

கடிகார மாற்றத்தின் தடம் இன்னும் மறையவில்லை. 1981 வரை தீபகற்பத்தில் பிறந்தவருக்கு இன்றைய 8 மணிக் கணக்கை அப்படியே பொருத்தினால் அரைமணி பிசகும். நான்கில் ஒருவருக்கு இலக்கினம் மாறிவிடும். கணினியில் ஜாதகம் கணிப்போர் நேர வேறுபாட்டைத் தாமே இட வேண்டிய நிரல்களில் இப்பிழை எளிதில் நேரும். 1975 இல் ஈப்போவில் பிறந்தவரும் அதே ஆண்டு கூச்சிங்கில் பிறந்தவரும் ஒரே மணியைச் சொன்னாலும் அவை இரு வேறு நேரங்கள். சரவாக்கில் அப்போதே 8 மணி நேரம் வழங்கியது. சென்னையிலிருந்து பெண் எடுப்போர் இரு ஜாதகங்களையும் ஒரே சோதிடரிடம் கொடுக்கும்போது, எது எந்த நாட்டு நேரம் என்று எழுதிக் கொடுப்பது நலம்.

முகூர்த்தம் குறிப்பதிலும் இதே பிசகு புகுகிறது. திங்கட்கிழமை இராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்பது சூரியன் 6 மணிக்கு உதிக்கும் ஊருக்கு வகுத்த வாய்பாடு. அது பகலை எட்டாகப் பகுத்ததில் இரண்டாம் பங்கு. 7 மணி 10 நிமிடத்திற்கு உதயமாகும் நாளில் கோலாலம்பூரில் அப்பங்கு 8 மணி 40 நிமிடம் அளவில்தான் தொடங்கும். ஏழரைக்குப் பயந்து, 9 மணிக்கு மேல் தாலி கட்டுவோர் உண்மையான இராகு காலத்தின் நடுவிலேயே கட்டுகிறார்கள்.

இன்றைய பிறப்புச் சான்றிதழில் பிறந்த நேரம் தெளிவாக அச்சிடப்படுகிறது. ஆலயத்திற்குப் பொருத்தம் பார்க்க வருவோர் அச்சான்றிதழின் நகலைக் கொணர்வது வழக்கமாகி வருகிறது. அதில் பிறந்த மணியோடு பிறந்த ஊரையும் ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் ஜப்பான்காரன் காலத்தில் பிறந்த பாட்டி ஒருவர் இருந்து, அவருடைய பழைய ஜாதகமும் பெட்டியில் இருந்தால், அதை எடுத்து ஒன்றரை மணி குறைத்து ஒருமுறை கணித்துப் பார்க்கலாம். எண்பது வயதைக் கடந்தவர்க்கும் தம் இலக்கினம் எது என்று அறியும் உரிமை உண்டு.